சிறு நாடும் பெருங்கடலும்: இலங்கையின் நட்புறவுக் கொள்கை

வலியார் நடுவே வாழநேர்ந்த மெலியான் எங்ஙனம் தன் உரிமையைக் காத்துக்கொள்வது என்னும் வினா அரசியல் நூல்களுள் மிகப் பழையது. கௌடிலியருடைய அர்த்தசாத்திரத்தின் பன்னிரண்டாம் அதிகரணம் மெலிந்த அரசனுக்கென்றே வகுக்கப்பட்டது. ஏழாம் அதிகரணத்திலே அவர் கூறும் அறுவகை உபாயங்களுள், சமாசிரயம் என்பது வலியான் ஒருவனை அடைந்து அவன் நிழலில் வாழ்தல். துவைதீபாவம் என்பது ஒருவனோடு சந்தி செய்துகொண்டு மற்றொருவனோடு மாறுபட்டு நிற்றல். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே துணையாவாரின் ஆற்றலையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டுமென்றார். ஆயினும் கௌடிலியரின் மண்டலக் கொள்கை நிலத்தை அடிப்படையாகக் கொண்டது. அடுத்துள்ள நாட்டான் பகைவனாவான், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பனாவான் என்பது அக்கொள்கையின் சாரம். கடல் சூழ்ந்த நாட்டிற்கு இவ்வட்டக் கணக்கு பொருந்துவதில்லை. கப்பற்படை உடையவன் எத்துணைத் தொலைவிலிருப்பினும் தீவுக்கு அவன் அடுத்த நாட்டானே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலங்கைக்கு அயலவராயினமை இவ்வாறே.

துணைதேடிய தீவினர் பட்ட பாட்டை வரலாறு மறவாது குறித்து வைத்துள்ளது. யாழ்ப்பாணத்திலே சங்கிலி குமாரன் தஞ்சை நாயக்கரின் படைத்துணையைப் பெற்றும் 1619-இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தான். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் வேறு வழி கண்டான். போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு ஒல்லாந்தரோடு 1638-இல் உடன்படிக்கை செய்துகொண்டான். கைப்பற்றப்படும் கோட்டைகளிலே ஒல்லாந்தர் காவற்படை நிறுத்துவது அரசன் விருப்பத்தைப் பொறுத்தது என்னும் பொருள்படும் சொற்றொடர் அரசனிடமிருந்த படியிற் காணப்பட்டது. ஒல்லாந்தர் படியிற் காணப்படவில்லை. 1656-இல் கொழும்பு வீழ்ந்தபோது அச்சொற்றொடரின் விலை தெரியவந்தது. கோட்டைவாயில் அரசனுக்குத் திறக்கப்படவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதையென்று சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாக வழங்குவர். உடன்படிக்கையின் சொற்கள் சிறியவனுக்கே பெரியவை. வலியவன் வேண்டியபோது அவற்றைக் கடந்து செல்வான், மெலியவனுக்கோ அவற்றையன்றி வேறு அரண் இல்லை.

1948 பெப்ரவரி 4-ஆம் நாள் சுதந்திரமடைந்த இலங்கை தன் முதல் துணையை அதற்கு முன்னரே தேர்ந்துகொண்டது. 1947 நவம்பர் 11-ஆம் நாள் டி. எஸ். சேனநாயக்காவும் தேசாதிபதி சேர் ஹென்றி மொங்க்-மேசன் மூரும் கைச்சாத்திட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, திருகோணமலைக் கடற்றளமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் பிரித்தானியரின் பயன்பாட்டில் தொடர்ந்திருந்தன. இதற்கு முடிவுக்காலம் எதுவும் குறிக்கப்படவில்லை. எதிர்க்கட்சியினர் இதனை அரைகுறைச் சுதந்திரமென்று இகழ்ந்தனர். சேனநாயக்காவின் கணக்கோ வேறு. 1942 ஏப்பிரிலிலே யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதை நாடு கண்ணாரக் கண்டிருந்தது. படையே இல்லாத ஒரு நாடு, அயலிலே பெரியதொரு நாடு புதிதாக எழும் வேளையில், தொலைவிலுள்ள பழைய வல்லரசை வாயிற்காவலனாக வைத்துக்கொள்வது நலமென்று அவர் கருதினார். தொலைவிலுள்ள வலியான் அயலிலுள்ள வலியானைவிட அஞ்சத்தகாதவன் என்னும் இவ்வெண்ணம், பின்வந்த பல அரசுகளின் கொள்கையிலும் வெவ்வேறு வேடம் பூண்டு தோன்றக் காணலாம்.

இத்துணைக்கு இலங்கை கொடுத்த விலை விரைவிலேயே தெரிந்தது. ஐக்கிய நாட்டுத் தாபனத்திலே சேருவதற்கு அது செய்த விண்ணப்பத்தைச் சோவியத்து ஒன்றியம் தன் தடையுரிமையால் மறுத்தது. பிரித்தானியத் தளங்களுக்கு இடங்கொடுக்கும் நாடு உண்மையிற் சுதந்திர நாடாகுமோ என்பது மொஸ்கோவின் ஐயம். 1955 திசெம்பரிலே பதினாறு நாடுகள் ஒருங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டபோதுதான் இலங்கைக்கு அங்கு ஆசனம் கிடைத்தது.

ஆனால் அவ்வாறு வெளியே நின்ற காலத்திலேதான் இலங்கை தன் இராசதந்திர வரலாற்றின் மிகத் துணிவான காரியத்தைச் செய்தது. கொரியப் போரின்போது இறப்பர் விலை உச்சத்தை அடைந்து பின்னர்ச் சரிந்தது. அதே வேளையில் உலகச் சந்தையிலே அரிசி அரிதாகி விலையேறிற்று. தேயிலையையும் இறப்பரையும் தெங்குப் பொருள்களையும் விற்று அரிசி வாங்கியுண்ணும் நாட்டிற்கு இஃது இருபுறமும் இடி. ஐக்கிய அமெரிக்கா இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேற்கொடுக்க முன்வரவில்லை. சீனமோ இறப்பரை வேண்டி நின்றது. அரிசியும் அதனிடம் இருந்தது. சீனத்துக்குப் போர்ப்பயன்பாட்டுப் பொருள்களை விற்கலாகாதென்று ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை 1951 மே மாதத்திலே தீர்மானித்திருந்தது. ஆயின் உறுப்புரிமை மறுக்கப்பட்ட இலங்கையை அத்தீர்மானம் கட்டவில்லை. சோவியத்துத் தடையினால் வெளியே நிறுத்தப்பட்டமையே சீன வாணிகத்துக்கு வழி திறந்துவிட்டதென்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 திசெம்பர் 18-ஆம் நாள் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை இலங்கை அனுப்பும். 2,70,000 தொன் அரிசியைச் சீனம் அனுப்பும். இறப்பருக்குச் சந்தையினும் மிகுந்த விலை. அரிசிக்குச் சந்தையினும் குறைந்த விலை. இதனைச் செய்தது இடதுசாரி அரசன்று. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசே செய்தது. திருகோணமலையிலே பிரித்தானியக் கொடி பறந்துகொண்டிருக்க, கொழும்புத் துறைமுகத்திலே சீன அரிசி இறங்கியது. கௌடிலியர் கூறிய துவைதீபாவத்திற்கு இதனினும் பொருத்தமான இக்கால எடுத்துக்காட்டு அரிது. ஐக்கிய அமெரிக்கா தன் சட்டத்தைக் காட்டிப் பொருளாதார உதவியை நிறுத்திவைத்தது. 1956 வரை அவ்வுதவி கிட்டவில்லை. எனினும் கொழும்பு பின்வாங்கவில்லை. அரிசி என்பது அந்நாட்களில் வெறும் பண்டமன்று. 1953 யூலையிலே பங்கீட்டரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஆகத்து மாத ஹர்த்தாலின் விளைவாகப் பிரதமரே பதவி துறந்தார் என்பதை எண்ணின், பீக்கிங் பயணத்தின் அவசரம் விளங்கும். ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு அவ்வுடன்படிக்கை 1982 வரை நிலைத்தது.

சேர் ஜோன் கொத்தலாவலை காலத்தில் நாட்டின் சாய்வு மேற்குப் பக்கமே. 1955-இல் பாண்டுங் மகாநாட்டிலே கிழக்கைரோப்பிய நாடுகளின் அடிமை நிலையை எடுத்துப் பேசி அவர் நேருவின் சினத்துக்கு ஆளானார். ஆயினும் அவர்கூட 1954-இல் மணிலாவிற் பிறந்த தென்கிழக்காசியப் படைக்கூட்டிற் சேர்ந்தாரில்லை. 1956-இல் ஆட்சியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தளங்களைத் திருப்பிக் கேட்டார். சுயெசுப் போர் நிகழ்ந்த ஆண்டு அது. பிரித்தானியாவின் நட்பு, வேண்டாத போரிலே நாட்டை இழுத்துவிடக்கூடும் என்னும் அச்சத்திற்கு அதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. 1957 ஒற்றோபர் 15-ஆம் நாள் திருகோணமலையும் நவம்பர் முதலாம் நாள் கட்டுநாயக்காவும் கையளிக்கப்பட்டன. சண்டையின்றி, கசப்பின்றி நிகழ்ந்த இக்கைமாற்றம் பாராட்டத்தக்கது. ஆனால் பிரித்தானியர் கடலைவிட்டு அகன்றாரில்லை. இலங்கையினும் சிறியதாகிய மாலைதீவின் கன் தீவிலே தம் விமானத்தளத்தை அமைத்து 1976 வரை அங்கிருந்தனர். ஒரு சிறு நாடு இறக்கிவைத்த சுமையை அதனினும் சிறியதொன்று ஏற்றது.

1962 ஒற்றோபரிலே இந்தியாவும் சீனமும் போரிட்டபோது இலங்கையின் இரு நண்பர் நேரே மோதினர். சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் திசெம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பிற் கூட்டி, தாமே பீக்கிங்குக்கும் தில்லிக்கும் தூது சென்றார். இந்தியா அம்மகாநாட்டின் யோசனைகளை முழுமையாக ஏற்றது. சீனம் கொள்கையளவில் ஏற்று விலக்குகள் சொன்னது. எல்லைப் பிணக்கு தீரவில்லை. ஆயினும் இருவருள் எவரையும் பகைக்காமல் மீண்டதே சிறு நாட்டுக்கு ஒரு பேறு.

1971-ஆம் ஆண்டு இவற்றினும் ஊன்றி நோக்கத்தக்கது. ஏப்பிரிலிலே இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது அரசுக்கு உதவி நானாபுறத்திலிருந்தும் வந்தது. இந்தியா கெலிகொப்டர்களை அனுப்பிக் கரையோரத்தைக் கப்பல்களாற் காவல்செய்தது, பாக்கித்தானும் உதவிற்று, பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் தளபாடம் தந்தன, சோவியத்து ஒன்றியம் மிக் விமானங்களை அனுப்பியது, சீனம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒருவரையொருவர் வெறுத்த இவ்வரசுகள் யாவும் ஓர் அரசைக் காக்க ஒருங்கே முன்வந்தமைக்குக் காரணம், எவர்க்கும் அது தன்னை முழுதும் விற்றிராமையே எனலாம்.

அவ்வாண்டு திசெம்பர் 16-ஆம் நாள் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை, இலங்கை முன்னின்று கொணர்ந்த தீர்மானத்தை ஏற்று, இந்துசமுத்திரத்தை அமைதி வலயமெனப் பிரகடனஞ் செய்தது. சார்பாக 61 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை, 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஒதுங்கியவற்றுள் ஐக்கிய அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், பிரித்தானியா, பிரான்சு ஆகிய நான்கும் அடங்கும். யாரைக் கட்டுப்படுத்த வேண்டித் தீர்மானம் எழுந்ததோ அவர்களே அதனின்று விலகி நின்றனர். அந்நாட்களிலேயே அமெரிக்கக் கடற்படையின் பெருங்கப்பலாகிய எண்டர்பிறைசு வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. தியாகோ கார்சியாத் தீவிலே தளவேலை தொடங்கிவிட்டது. மொரீசியசு நாட்டிலிருந்து 1965-இல் பிரித்தெடுக்கப்பட்ட அத்தீவுக்கூட்டத்தின் குடிமக்கள் யாவரும் 1973-க்குள் அகற்றப்பட்டனர். அமைதி வலயத்துக்கென 1981-இல் கொழும்பிற் கூடவேண்டியிருந்த மகாநாடு கூடவேயில்லை. தீர்மானத்தாற் பயனே இல்லையென்று கூறிவிடுதலும் பொருந்தாது. வெளிவல்லரசுகளை மட்டுமன்றி அயலிலுள்ள பெரிய நாட்டின் கையையும் ஓரளவு கட்டுமென்ற எண்ணம் கொழும்பில் இருந்ததென்று கருதுவதற்கு இடமுண்டு. ஆனால் காகிதத்தினால் கப்பலைத் தடுத்தல் அரிதென்பதை அது காட்டியது.

எல்லைக்கோடு வகுத்தலில் நிலைமை வேறு. பாக்கு நீரிணையிலே கச்சதீவு யாருக்குரியதென்னும் பிணக்கு சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே 1921-இலேயே பேசப்பட்டது. 285 ஏக்கர் அளவினதாய், குடிநீரற்று, அந்தோனியார் கோயிலொன்றும் ஆண்டுக்கொரு திருவிழாவும் மட்டுமே உடைய அத்தீவின் பெறுமதி அதனைச் சூழ்ந்த நீரிலேயே இருந்தது. 1974 யூன் மாதத்திலே இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை கச்சதீவுக்கு மேற்கே கோட்டை இழுத்து அதனை இலங்கைப் பக்கம் விட்டது. 1976 மார்ச்சிலே மன்னார்க் குடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை நிறைவெய்திற்று. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் என்னும் மீன்வள மேடை இந்தியாவைச் சேர்ந்தது. அணுகுண்டுச் சோதனையை அப்பொழுதுதான் நடத்தியிருந்த பெரிய நாடு சிறிய அயலவனிடம் இவ்வளவு இணங்கியதேன் என்று வினவலாம். பாக்கித்தான் விமானங்கள் 1971-இல் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிச் சென்றமையும் சீன நட்பும் தில்லியின் நினைவில் இருந்தன. கொழும்பை அப்பக்கம் போகவிடாமல் நிறுத்துவதற்கு ஒரு சிறு தீவு பெரிய விலையன்று. பிறரோடு கொண்ட நட்பு ஓர் அயலவனோடு பேரம்பேசுதற்குக் கருவியாவது இங்ஙனமே.

சட்டத்தைக் கேடயமாகக் கொண்டதில் இலங்கைக்குக் கிடைத்த வெற்றி பலர் அறியாதது. 1973-இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மகாநாட்டின் தலைவராக இலங்கையின் ஷெர்லி அமரசிங்கா தெரிவுசெய்யப்பட்டு, 1980 திசெம்பரில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். உள்நாட்டில் ஆட்சி மாறி அவர் தூதுப் பதவியை இழந்தபின்னரும் மகாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. அவரிடம் அது வைத்த மதிப்புக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கண்ட விளிம்பின் புற எல்லையை வகுக்கும் பொதுவிதி, வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்குப் பொருந்துவதாயில்லை. கங்கையும் பிரமபுத்திராவும் காலங்காலமாகக் கொணர்ந்த வண்டல் அங்கே கடலடியில் மிகத் தடித்துப் படிந்து மிகத் தொலைவுவரை பரந்து கிடக்கிறது. பொதுவிதியைக் கையாண்டால் இலங்கை தன் விளிம்பிற் பாதிக்கு மேல் இழக்கும். இதனை எடுத்துக்காட்டி, அடையற் படிவின் தடிப்பு ஒரு கிலோமீற்றராகக் குறையும் இடம்வரை எல்லை செல்லலாம் என்னும் தனிவிதியை இலங்கைத் தூதுக்குழு வாதிட்டுப் பெற்றது. 1982-இன் இறுதிச் செயற்பாட்டுடன் அது இரண்டாம் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அதன்வழி இலங்கை தன் உரிமைக் கோரிக்கையை 2009 மே 8-ஆம் நாள் ஐக்கிய நாட்டு ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்தது. ஒரு பீரங்கியும் வெடியாமல், நாட்டின் நிலப்பரப்பினும் பன்மடங்கு பரந்த கடலடிக்கு உரிமை கோரும் நிலையை அச்சிலர் ஏற்படுத்திக் கொடுத்தனர். பொரளைக்கு அண்மையிலே பௌத்தாலோக மாவத்தையில் சீனத்தின் நன்கொடையாக 1973-இல் எழுந்த பண்டாரநாயக்கா ஞாபகார்த்த மண்டபமும், அங்கே 1976 ஆகத்தில் கூடிய அணிசேரா நாடுகளின் மகாநாடும் எல்லார் கண்ணுக்கும் புலப்படும் பெருமைகள். இக்கடலடிப் பெருமை கண்ணுக்குப் புலப்படாதது.

இந்த நிதானம் பின்னர்க் குலைந்தது. மேற்கு நோக்கிச் சாய்ந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு, இனப்பிணக்கு முற்றியிருந்த வேளையில் அயலவனின் ஐயத்தைப் பொருட்படுத்தவில்லை. 1987 யூலை 29-ஆம் நாள் உடன்படிக்கையோடு மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களிலே, திருகோணமலையையோ வேறெத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் படைப்பயன்பாட்டுக்கும் விடுவதில்லையென்று இலங்கை வாக்களிக்க நேர்ந்தது. உள்வீட்டுப் பூசலைத் தீர்க்காத நாடு வெளியாரோடு சமனாக நின்று பேச இயலாது. இலங்கையின் இராசதந்திரத்தில் நேர்ந்த பெருங்குறை இதுவே. சரியாக முப்பதாண்டு கழித்து, 2017-இல் அதே யூலை 29-ஆம் நாள், அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்துக்கு 112 கோடி டொலருக்குக் கொடுக்கப்பட்டது. கடனுக்காகத் துறைமுகம் பறிக்கப்பட்டதென்று பலர் எழுதுவர். அது சரியன்று. துறைமுகக் கடன் அப்படியே நிலுவையில் இருந்தது. கிடைத்த பணம் அந்நியச் செலாவணி இருப்பைப் பெருக்கவே பயன்பட்டது. நாட்டை நெருக்கியது ஒரு நண்பனின் சூழ்ச்சியென்பதைவிட, பல இடங்களிற் பெற்ற கடனின் பாரம் என்பதே பொருத்தம்.

2022-இல் திறைசேரி வறண்டபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவிலான உதவிகளைச் செய்தது. அவ்வாண்டு தொடக்கத்திலேயே திருகோணமலையின் 99 பழைய எண்ணெய்க் குதங்களுள் 61, இந்திய நிறுவனம் 49 வீதப் பங்குடைய கூட்டுக் கம்பனியொன்றுக்கு ஒதுக்கப்பட்டன. ஆகத்திலே சீனத்தின் யுவான் வாங் 5 என்னும் ஆய்வுக் கப்பலின் வருகையைத் தள்ளிவைக்குமாறு கொழும்பு கேட்டது. சில நாட்களின் பின் அனுமதித்தது. 2024-ஆம் ஆண்டு முழுவதும் எந்நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் இடமில்லையென்று பொதுவாக விதித்தது. ஒருவனைப் பெயர்சுட்டி மறுக்க இயலாதவன் எல்லாரையும் மறுத்தல் பழைய உபாயமே.

தலைநகரங்களுக்கிடையே இவ்வாறு கணக்குகள் தீர்க்கப்பட்டபோது பாக்கு நீரிணையின் இருகரையிலும் வாழ்ந்த மீனவரை எவரும் கேட்டாரில்லை. 1974-இன் உடன்படிக்கையைத் தமிழக அரசு எதிர்த்தது. 1976 மார்ச்சிலே கடிதங்கள் மாற்றப்பட்டபோது தமிழகத்திலே தெரிவுசெய்யப்பட்ட அரசே இருக்கவில்லை. வடபகுதி மீனவர் குரலும் கொழும்பிற் கேட்கப்படவில்லை. போர்க்காலத்திலே கடல் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2009-இன் பின் படகிறக்கிய யாழ்ப்பாணத்தார், மன்னாரார், முல்லைத்தீவார் கண்டது, எதிர்க்கரையிலிருந்து இரவில் வரும் இழுவைப் படகுகள் தம் வலைகளை அறுத்துச் செல்லும் காட்சி. அங்கிருந்து வருவோரும் தமிழர், கடன்பட்டுப் படகோட்டும் கூலியாளர். இலங்கை 2017-இல் கடலடி இழுவைமடி முறையைச் சட்டத்தினால் தடைசெய்தது. கடற்படை படகுகளைப் பிடிக்கிறது. ஊர்காவற்றுறையிலும் மன்னாரிலும் வழக்குகள் நடக்கின்றன. இராமேசுவரத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. தில்லியும் கொழும்பும் கடிதம் எழுதுகின்றன. பங்குனிக்கு முன் கச்சதீவுத் திருவிழா வருகையில் இருகரையாரும் ஒரே கோயில் வாயிலிற் சந்திக்கின்றனர். மறுவாரம் அதே நீரில் வலைகள் மீண்டும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன.